லேப்டாப் ஹார்ட் டிஸ்க் போகிறதா, வெறும் மந்தமா?

கோப்பைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில சமயம் திரை அப்படியே உறைந்து, அரை நிமிடம் கழித்து உயிர் வருகிறது. வீட்டில் உடனே இரண்டு தீர்ப்பு கிடைக்கும். "விண்டோஸைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும்" என்பார் ஒருவர். "டிஸ்க் போச்சு, புதுசு வாங்கு" என்பார் இன்னொருவர். பார்க்காமலே சொல்வதால் இரண்டும் அடிக்கடி தவறிப்போகும். இரண்டாமவர் சொன்னது தவறானால் காசு மட்டும்தான் வீண். முதலாமவர் பேச்சைக் கேட்டு, சாகக் கிடக்கும் டிஸ்கில் விண்டோஸைத் திரும்பப் போட்டால், உள்ளே இருந்த பழைய படங்களும் சேர்ந்து போய்விடும்.

எனவே சந்தேகம் வந்த நாளில் முதல் வேலை சோதனை அல்ல, நகல். வெளி டிஸ்க் ஒன்றை மாட்டி, வேறெங்கும் இல்லாதவற்றை முதலில் எடுங்கள்: கோவில் சங்கக் கணக்கு, காவடிப் படங்கள், 1860-க்கும் 1911-க்கும் இடையில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறி வந்த பாட்டன் பெயரும் எண்ணும் உள்ள பழைய தாள்களின் ஸ்கேன். விண்டோஸ் கோப்புறையும் நிறுவிய மென்பொருள்களும் வேண்டாம். அவை எங்கும் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் இழுத்துப் போடாதீர்கள். கெட்டுப்போன ஒரே ஒரு படத்தில் மாட்டி மொத்த நகலும் நின்றுவிடும். கோப்புறை கோப்புறையாக எடுங்கள். ஒன்று ஐந்து நிமிடம் அசையாவிட்டால் அதை ரத்துசெய்து அடுத்ததற்குப் போய்விடுங்கள். பிடிவாதம் பிடிக்கும் கோப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே இருப்பது எது என்றும் பார்த்துவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் 0 என்பதன் கீழ் எச்டிடி அல்லது எஸ்எஸ்டி என்று போட்டிருக்கும். சுழலும் தட்டு உள்ள எச்டிடி பற்றித்தான் இங்கே அதிகம் பேசுகிறோம். சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி சத்தம் போடாது, பெரும்பாலும் முன்னறிவிப்பும் தராது. அதைப் பற்றிப் பிறகு இரண்டு வரி.

ஏன் உறைகிறது

லேப்டாப்பில் இருப்பது இரண்டரை அங்குல டிஸ்க். அதன் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும். அதாவது விநாடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் ஹெட் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர் என்று வைத்துப் பார்த்தால், அந்த இடைவெளி எவ்வளவு குறுகியது என்று புரியும். தட்டு செக்டர் என்ற சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இப்போதைய டிஸ்குகளில் ஒரு செக்டர் 4,096 பைட். ஒரு டெராபைட் டிஸ்கில் இப்படி ஏறத்தாழ 24 கோடி செக்டர்கள்.

24 கோடியில் சில கெடத்தான் செய்யும். அது தெரிந்தேதான் செய்பவர்கள் மாற்று செக்டர்களை ஒதுக்கிவைக்கிறார்கள். ஒரு செக்டரைப் படிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் உடனே கைவிடாது. தட்டு ஒரு சுற்று வரும்வரை காத்திருந்து மறுபடி படிக்கும், ஹெட்டைச் சற்று நகர்த்திப் படிக்கும், திரும்பத் திரும்ப முயலும். ஒவ்வொரு முயற்சிக்கும் குறைந்தது ஒரு சுற்று, அதாவது 11 மில்லி விநாடி. நூறு முயற்சி என்றால் ஒரு விநாடிக்கு மேல். அந்தச் செக்டரைக் கேட்ட விண்டோஸும் அதுவரை வாயடைத்து நிற்கும். அடுத்தடுத்துப் பத்து செக்டர் அப்படி என்றால் பத்துப் பதினைந்து விநாடி உறைவு. நீங்கள் திரையில் பார்ப்பது இதைத்தான்.

மந்தத்துக்கும் நோய்க்கும் இங்கேதான் வேறுபாடு. நினைவகம் (ரேம்) போதாத லேப்டாப் எல்லா வேலையிலும் ஒரே சீராக மெதுவாக இருக்கும். சாகும் டிஸ்க் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே குறிப்பிட்ட ஒரு கோப்பில், குறிப்பிட்ட ஒரு கோப்புறையில் முட்டி நிற்கும். அதைத் தாண்டினால் மறுபடி ஓடும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டுவதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 4 ஜிபி நினைவகத்தில் விண்டோஸ் 10 ஓடினாலும் அப்படித்தான் காட்டும், அப்டேட் இறங்கும்போதும் காட்டும். கூடவே இருக்கும் மற்ற இரண்டு எண்ணைப் பாருங்கள்: படிக்கும் வேகம், சராசரி பதில் நேரம். நல்ல டிஸ்க் ஒரு கோரிக்கைக்கு 15, 20 மில்லி விநாடியில் பதில் சொல்லும். வேலை குவிந்தால் 100, 200 ஆகலாம். வேகம் விநாடிக்கு ஒரு எம்பிகூட இல்லாமல், பதில் நேரம் மட்டும் ஆயிரம், ஐயாயிரம் என்று ஏறினால் அந்த டிஸ்க் எங்கோ முட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. விலை குறைந்த ஒரு டெராபைட், இரண்டு டெராபைட் லேப்டாப் டிஸ்குகள் பல எஸ்எம்ஆர் வகை. கூரை ஓடு போல் ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் பாதி ஏறியபடி எழுதும் முறை அது. நூறு ஜிபி ஒரே மூச்சில் எழுதினால், பழையதை எடுத்து மாற்றி அடுக்க வேண்டியிருப்பதால் வேகம் பாதாளத்துக்கு இறங்கும். அது நோய் இல்லை. எழுதும்போது மட்டும் மந்தமாகி, சற்று ஓய்வு கொடுத்ததும் சரியானால் இதுதான் காரணம்.

டிஸ்க் எழுதி வைத்திருக்கும் நாட்குறிப்பு

ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நிலையை ஸ்மார்ட் என்ற பட்டியலில் தானே குறித்துக்கொள்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் போகிறது. நிறத்தை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். வலப்பக்கம் ரா வேல்யூஸ் என்ற நிரல் இருக்கும். அது தொடக்கத்தில் பதினாறடிமான எண்ணாகத் தெரியும். அதாவது 10 என்று காட்டினால் உண்மையில் 16. ஃபங்ஷன் பட்டியலில் அட்வான்ஸ்டு ஃபீச்சருக்குள் போய் ரா வேல்யூஸைப் பத்தடிமானத்துக்கு மாற்றிவிட்டால் குழப்பம் இல்லை.

முதலில் மூன்று வரி. 05 என்பது இதுவரை எத்தனை செக்டர் கெட்டு மாற்று இடத்துக்குப் போயின என்ற கணக்கு. சி5 என்பது படிக்க முடியாமல், முடிவும் ஆகாமல் காத்திருக்கும் செக்டர்கள். சி6 என்பது டிஸ்க் தானே நடத்திய சோதனையில் மீட்க முடியாதவை. மூன்றும் பூஜ்யம் என்றால் தட்டுப் பக்கம் புகார் இல்லை.

இதில் முக்கியமானது சி5. படிக்க முடியாத செக்டரை டிஸ்க் உடனே தூக்கி எறியாது, ஏனெனில் உள்ளே உங்கள் படத்தின் ஒரு துண்டு இருக்கிறது. நாளைக்கு ஒருவேளை படிக்க வரலாம். எனவே காத்திருப்போர் வரிசையில் வைக்கிறது. அந்த இடத்தில் புதிதாக ஏதாவது எழுதும்போதுதான் முடிவு தெரியும். எழுதியது சரியாகப் பதிந்தால் வரிசையிலிருந்து நீங்கும், சி5 குறையும், 05 ஏறாது. பதியாவிட்டால் மாற்று செக்டர் வரும், 05 ஒன்று ஏறும்.

தென்னாப்பிரிக்காவில் இது வெறும் பாட விஷயம் இல்லை. பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப்பைச் சுவரில் மாட்டியபடியே ஓட்டுபவர்கள் நிறைய. லோட் ஷெடிங் என்ற அட்டவணை மின்வெட்டு வந்த நொடியில், அல்லது தெருவில் யாரோ கேபிளை வெட்டிக்கொண்டுபோன நொடியில், டிஸ்க் ஒரு செக்டரைப் பாதி எழுதியிருக்கும். செக்டரின் தரவும் அதைச் சரிபார்க்கும் குறியீடும் ஒத்துப்போகாது; தட்டில் கீறல் எதுவும் இல்லாமலே அது படிக்க முடியாத செக்டர் ஆகிவிடும். இப்படி வந்த சி5 எண் ஒன்று, இரண்டு, எட்டு என்று நின்றுவிடும். நகல் எடுத்துவிட்டு டிஸ்க் முழுவதையும் அழித்து ஒருமுறை பூஜ்யம் எழுதினால் மறைந்துவிடும், 05-உம் அசையாது. அந்த டிஸ்க் இன்னும் பல ஆண்டு உழைக்கலாம். தட்டிலேயே கோளாறு என்றால் கதை வேறு: இன்று 8, வியாழக்கிழமை 40, அடுத்த வாரம் 300. ஹெட் ஒருமுறை தட்டைத் தொட்டிருந்தால் அங்கே பெயர்ந்த துகள் அடுத்த தடத்தையும் கீறும். ஆகவேதான் எண் நிற்காமல் ஏறுகிறது.

அதனால் ஒரே நாளில் பார்த்த எண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. இன்றைய திரையைப் படமெடுத்து வையுங்கள். மூன்று நாள் கழித்து ஒன்று, ஒரு வாரம் கழித்து இன்னொன்று. எண் ஏறினால் டிஸ்கை மாற்றுங்கள், அது எவ்வளவு சிறிய எண்ணாக இருந்தாலும்.

சி0 என்ற வரியையும் பாருங்கள்: மின்சாரம் திடீரென நின்றதால் ஹெட் அவசரமாகப் பின்வாங்கிய கணக்கு. மொத்தம் எத்தனை முறை டிஸ்க் இயங்கத் தொடங்கியது என்பது 0சி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தால் அந்த டிஸ்க் ஒழுங்காக அணைக்கப்பட்டதே அபூர்வம் என்று பொருள் கொள்ளலாம். ஆனால் சில நிறுவனங்கள் சி0-வை வேறு விதமாகவும் எண்ணுவதால் இதைத் துணைச் சாட்சியாக மட்டும் வையுங்கள். டிஸ்குக்கு முன் பேட்டரியை மாற்றுவதுதான் இங்கே உண்மையான வைத்தியம்.

சி7 தனிப் பிறவி. அது ஏறினால் பழுது டிஸ்கில் இல்லை, டிஸ்கையும் போர்டையும் இணைக்கும் பட்டைக் கேபிளில். கழற்றி அழுத்தி மாட்டினாலோ புதுக் கேபிள் போட்டாலோ சரியாகும். பழைய எண் குறையாது. அதற்கு மேல் ஏறாமல் நின்றால் போதும். நல்ல டிஸ்குகள் இந்த ஒரு கேபிளால் குப்பைக்குப் போவதுண்டு. சீகேட் டிஸ்கில் 01, 07 இரண்டிலும் பயமுறுத்தும் கோடிக்கணக்கான எண் தெரியும். அது அவர்கள் கணக்கு வைக்கும் முறை, விட்டுவிடுங்கள்.

எல்லா வரியும் நலம் என்று சொன்னாலும் நிம்மதியாகத் தூங்க முடியாது. கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், செத்த டிஸ்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் அடையாளங்களில் எதுவும் காட்டாமலே செத்தன. அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு: முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க், பிழையே வராத டிஸ்கைவிட அடுத்த 60 நாளில் சாக 39 மடங்கு வாய்ப்பு. ஸ்மார்ட் குற்றம் சொன்னால் நம்புங்கள். நல்லவன் என்று சொன்னால் பாதி நம்புங்கள்.

விண்டோஸும் தன் பங்குக்கு எழுதி வைத்திருக்கும். ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். டிஸ்க் என்ற மூலத்திலிருந்து எண் 7 இருந்தால் கெட்ட செக்டர், 153 இருந்தால் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது, 52 இருந்தால் தான் சாகப்போவதாக டிஸ்கே அறிவித்துவிட்டது.

காதால் கேட்பது

டிஸ்க் பெரும்பாலும் மணிக்கட்டு வைக்கும் இடத்தின் கீழே இருக்கும். அங்கே காதை வையுங்கள். காற்றாடிச் சத்தம் வேறு மூலையிலிருந்து வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சும்மா இருக்கும்போது எப்போதாவது ஒரு "டிக்" கேட்டால் ஹெட் தன் இருப்பிடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். ஒரே தாளத்தில் "டக்... டக்... டக்..." என்று விடாமல் அடித்து, பிறகு சுழற்சி நின்று மறுபடி தொடங்கினால் ஹெட் தன் வழியைக் கண்டுபிடிக்க முடியாமல் முட்டுகிறது. கரகரவென்று உரசினால் தட்டு சுரண்டப்படுகிறது. மெல்லிய "பீப்" மட்டும் வந்து சுழலவே இல்லை என்றால் ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இந்த மூன்றிலும் செய்ய வேண்டியது ஒன்றே: அணையுங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம் என்ற ஆசைதான் மீட்கக்கூடிய டிஸ்கை மீட்க முடியாததாக்குகிறது.

வெளியே எடுத்து யுஎஸ்பி கேபிளில் மாட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு பொறி உண்டு. சுழலத் தொடங்கும்போது இந்த டிஸ்க் 5 வோல்ட்டில் ஏறத்தாழ ஒரு ஆம்பியர் கேட்கும். பழைய யுஎஸ்பி 2 துளை தருவது 0.5 ஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 0.9. மின்சாரம் போதாமல் நல்ல டிஸ்கும் "டக் டக்" என்று அடிக்கும். நீல நிற யுஎஸ்பி 3 துளையில் குட்டையான கேபிளோடு, அல்லது இரண்டு துளையில் மாட்டும் கவட்டைக் கேபிளோடு மறுபடி பாருங்கள்.

மலையும் வெப்பமும் பற்றிக் கேட்பதுண்டு. ஹெட் மிதப்பது காற்றின் மேல். காற்று மெலிந்தால் தாழ இறங்கும். டிஸ்குகள் பொதுவாக 3,048 மீட்டர் உயரம்வரை இயங்கும் என்று அளவிடப்படுகின்றன. சுமார் 1,750 மீட்டரில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க் ஒரு பொருட்டே இல்லை. சானி பாஸ் மலைப்பாதையின் உச்சியில்கூட வரம்புக்குள்தான். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கம்தான் அதைவிடக் கவலை. சி2 வரியில் வெப்பநிலை 45 டிகிரிவரை பரவாயில்லை. 55-ஐத் தாண்டினால் காற்றாடியில் அடைந்த தூசியைத் தட்டுங்கள், மெத்தையில் வைத்து ஓட்டுவதை நிறுத்துங்கள். எல்லாவற்றையும்விடக் கொடுமை, லேப்டாப்பை அணைக்காமல் மூடி பக்கி என்ற பிக்கப் வண்டியின் சீட்டில் போட்டுக் குண்டுங்குழியில் ஓட்டுவது.

முழுச் சோதனை

நகல் கையில் இருக்கிறது, எண்கள் நடுவாந்தரமாக இருக்கின்றன என்றால் மட்டும் இதற்கு வாருங்கள். எச்பி லேப்டாப்பில் இயக்கியவுடன் எஸ்கேப்பைத் திரும்பத் திரும்ப அழுத்தி, பிறகு எஃப்2. டெல்லில் எஃப்12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ். சீகேட் டிஸ்குக்கு சீடூல்ஸ். குறுஞ்சோதனை இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். அதில் தோற்றால் பேச்சே இல்லை, டிஸ்க் முடிந்தது. அதில் தேறினால் நீண்ட சோதனை. ஒரு டெராபைட்டை விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 10,000 விநாடி, அதாவது இரண்டே முக்கால் மணி. தட்டின் உள்வட்டத்தில் வேகம் பாதியாகிவிடுவதால் மூன்று, நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் மின்வெட்டு அட்டவணை இருந்தால் அதைப் பார்த்து, இரண்டு வெட்டுக்கு நடுவில் போதிய இடம் இருக்கும்போது தொடங்குங்கள். லேப்டாப் தூங்கிவிடாதபடி ஸ்லீப்பை நிறுத்திவையுங்கள்.

நகல் எடுக்காமல் செக்டிஸ்க் என்ற விண்டோஸ் பழுதுபார்ப்புக் கருவியை ஓட்டாதீர்கள். கெட்ட செக்டர்களைத் தேடும் அதன் முழு ஓட்டம் டிஸ்க் முழுவதையும் தேய்த்துப் படிக்கும். மேலும் அதன் கடமை கோப்பு அமைப்பைச் சீர்படுத்துவது, உங்கள் படத்தைக் காப்பது அல்ல. ஒத்துவராத துண்டை வெட்டி எறிந்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும். டிஃப்ராக், விண்டோஸ் ரீசெட், மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் நிறுவுவது எல்லாம் இதே கணக்கில். குளிர்பெட்டியில் வைத்தால் பிழைக்கும் என்பது பழைய நம்பிக்கை. வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும். மூடியைத் திறந்து பார்ப்பதும் வேண்டாம். நானோமீட்டர் இடைவெளியில் ஒரு தூசி மலைப்பாறை.

சாதாரண நகல் எடுக்க முடியாமல் டிஸ்க் திணறினால், ஆனால் கெட்ட சத்தம் இல்லையென்றால், லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் இருக்கிறது. அது நல்ல பகுதியையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, முட்டும் இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்துக் கடைசியில் திரும்பி வரும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வரைபடக் கோப்பு கொடுத்துத்தான் தொடங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். "டக் டக்" டிஸ்குக்கு இதுவும் கூடாது. அதை மீட்பு நிபுணரிடம் கொடுப்பதா விடுவதா என்பது உள்ளே இருப்பதன் மதிப்பைப் பொறுத்தது.

எஸ்எஸ்டி என்றால் அதே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மீதி ஆயுள் சதவீதத்தையும் பிழை எண்ணிக்கையையும் பாருங்கள். திடீரென எதையும் சேமிக்க முடியாமல், படிக்க மட்டும் முடிந்தால் அது தன் கடைசி நிலைக்குப் போய்விட்டது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி அன்றே எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

மாற்றும்போது

லேப்டாப் வாங்கி ஆறு மாதத்துக்குள் என்றால், தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56-ஆம் பிரிவின்படி பழுதான பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பழுதுபார்ப்போ, மாற்றுப் பொருளோ, பணமோ நீங்கள் கேட்கலாம், தேர்வு உங்களுடையது. ஸ்மார்ட் திரையின் படங்கள் அங்கே நல்ல சாட்சி.

ஆறு மாதம் தாண்டியதென்றால், அதே இடத்தில் இன்னொரு சுழலும் டிஸ்க் போடாதீர்கள். 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உட்காரும், பழையது 9.5 மில்லிமீட்டர் என்றால் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வேண்டும். கழற்றும் முன் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வையுங்கள். அது இல்லாமல் பழைய டிஸ்கை வெளியே எடுத்தால் நல்ல செக்டர்களும் பூட்டிய பெட்டிதான். கெட்ட டிஸ்கை அப்படியே புதியதற்கு குளோன் செய்தால் சேதமான விண்டோஸும் கூடவே வரும். புதிதாக நிறுவி, கோப்புகளை மட்டும் கொண்டுவாருங்கள்.

பழைய டிஸ்கில் சங்க உறுப்பினர் பட்டியலும் அடையாள எண்களும் இருக்கும். செத்த டிஸ்கை மென்பொருளால் அழிக்க முடியாது, ஆணி அடிக்கத்தான் வேண்டும். ஆனால் லேப்டாப் டிஸ்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. டிஸ்கைத் துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து அடியுங்கள். உள்ளே சலசலவென்று கேட்டால் தட்டு நொறுங்கிவிட்டது, மின்கழிவுப் பெட்டியில் போட்டுவிடலாம்.